கொலைக்குப் பின்னாடி ஒரு கடல்!

ஒரு படம் ரிலீஸான வாரத்தில் வர்ற விமர்சனம் இருக்கே, அது இன்டர்னல் மார்க் மாதிரி. அன்னிக்கு சார் மூடு எப்படி, நாம எந்த பெஞ்ச், பக்கத்துல யாரு... இதெல்லாம் சேர்ந்து விழுற மார்க். நிஜமான செமஸ்டர் பேப்பர் பத்து வருஷம், இருபது வருஷம் கழிச்சுதான் திருத்தப்படும். சில படங்கள் இன்டர்னலில் சென்டம் வாங்கி, செமஸ்டரில் கப்பு வாங்கும். சில படங்கள் இன்டர்னலில் முட்டை வாங்கி, கடைசியில் யுனிவர்சிட்டி ரேங்க் ஹோல்டராகி நிற்கும்.

இந்த வாரம் அப்படி ரேங்க் வாங்கின ரெண்டு படத்தைப் பத்திப் பேசலாம். ஒண்ணு பிரிட்டிஷ். இன்னொண்ணு நம்ம வடசென்னை. ரெண்டுமே கேங்ஸ்டர் கதை, ரெண்டுமே செம ஸ்டைல். ரெண்டையும் முதலில் சரியா புரிஞ்சுக்கல, அப்புறம் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. ஆனா, அந்தக் கொண்டாட்டத்திலும் ஒரு கேள்வி மிஸ்ஸிங். திருவொற்றியூர்க்காரனா அதைக் கேட்க எனக்கு ரைட்ஸ் இருக்கு. (குறிப்பு: கீழே ரெண்டு க்ளைமாக்ஸையும் போட்டு உடைக்கப்போறேன். படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க. வெயிட் பண்றேன்.)

கோட்டும் துப்பாக்கியும்

முதல் படம், 'கெட் கார்ட்டர்'. 1971. மைக் ஹாட்ஜஸ் அதுவரை டி.வி-யில் வேலை பார்த்தவர். சினிமாவுக்காக எடுத்த முதல் படம் இதுதான். ஹீரோ மைக்கேல் கெய்ன். டெட் லூயிஸ் எழுதிய நாவல்தான் மூலம். கதை ரொம்ப சிம்பிள். லண்டனில் ரவுடிகளுக்கு வேலை செய்யும் ஜாக் கார்ட்டர், அண்ணன் செத்த செய்தி கேட்டு சொந்த ஊருக்கு ரயில் ஏறுறான். அண்ணன் எப்படிச் செத்தான்னு தோண்டுறான். தோண்டத் தோண்ட அழுக்கு. ஒவ்வொருத்தனா முடிக்கிறான். கடைசியில் அவனும் முடியறான். அவ்வளவுதான்.

ஆனா, எடுத்த விதம் இருக்கே... சும்மா பின்னிட்டாங்க! அயர்ன் மடிப்புக் கலையாத கோட், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாத கெய்ன், டைட்டில் ஓடும்போது ரயில் சத்தத்தோட சேர்ந்து வரும் ராய் பட்டின் மியூசிக். இன்னிக்கும் அந்த ட்யூனைக் கேட்டா, காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற நமக்கே ஏதோ பழி தீர்க்கக் கிளம்பின மாதிரி ஒரு ஃபீலிங் வரும்.

1971-ல் பிரிட்டிஷ் விமர்சகர்கள் பலருக்கு இந்த ஸ்டைல்தான் உறுத்துச்சு. 'கொலை செய்யறவன்கிட்ட ஒரு குற்ற உணர்ச்சியே இல்லையே, படம் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கே, நல்லவன்னு கை காட்ட ஒருத்தன்கூட இல்லையே' என்பதுதான் கம்ப்ளெயின்ட். படத்தின் திறமையை ஒத்துக்கிட்டவங்களும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டேதான் ஒத்துக்கிட்டாங்க. அமெரிக்காவில் ஒழுங்கான பப்ளிசிட்டிகூட இல்லை. அப்புறம் பல வருஷம் படம் ஓரமாகக் கிடந்தது.

90-களில் சீன் மாறுச்சு. பிரிட்டிஷ் இளைஞர் பத்திரிகைகள் அந்தப் பழைய கோட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொண்டாட ஆரம்பிச்சாங்க. அதே அலையில்தான் 1998-ல் கை ரிச்சியின் 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்', 2000-ல் 'ஸ்நாட்ச்', 2004-ல் டேனியல் கிரெய்க் நடிச்ச 'லேயர் கேக்' எல்லாம் வரிசை கட்டி வந்துச்சு. 1999-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் போட்ட டாப் 100 பிரிட்டிஷ் படங்கள் லிஸ்ட்டில் 'கெட் கார்ட்டர்' 16-வது இடம். 2004-ல் 'டோட்டல் ஃபிலிம்' பத்திரிகை, பிரிட்டனின் ஆகச் சிறந்த படமே இதுதான்னு முதல் இடம் கொடுத்துச்சு. 33 வருஷம் கழிச்சு ரீவேல்யூவேஷன்!

ஊரை விட்ட ஸ்டைல்

இங்கேதான் ஒரு காமெடி. 2000-ல் ஹாலிவுட் இதை ரீமேக் பண்ணுச்சு. சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஹீரோ. பழைய ஹீரோ மைக்கேல் கெய்னும் ஒரு சின்ன ரோலில் வந்தார். கோட் இருந்தது. துப்பாக்கி இருந்தது. முறைப்பு இருந்தது. ஆனா, கதை அமெரிக்காவின் சியாட்டிலுக்கு ஷிஃப்ட் ஆகியிருந்தது. விமர்சகர்கள் துவைச்சுக் காயப்போட்டாங்க.

ஏன் ஊத்திக்கிச்சுன்னு ஆளாளுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். என் ஆன்ஸர் ஒரே வரி. ஸ்டைலை எடுத்துக்கிட்டாங்க, ஊரை விட்டுட்டாங்க.

ஏன்னா, அந்தப் பழைய படத்தின் பாதி உயிர் நியூகாஸில். பக்கத்து ஊர் கேட்ஸ்ஹெட். வடகிழக்கு இங்கிலாந்தின் கரி, கப்பல், இரும்பு ஏரியா. வரிசை வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகள், ஆறு, பாலம், புகை. கேமராமேன் உல்ஃப்காங் சுஷிட்ஸ்கி டாக்குமென்டரி எடுத்துப் பழகினவர். அதனால, கதைக்குப் பின்னாடி நிற்கிற ஊரும், அதில் நடந்து போற மனுஷங்களும் அப்படியே பதிவாகியிருக்காங்க. படத்தில் வர்ற மாடி கார் பார்க்கிங்கை 2010-ல் இடிச்சப்போ, அதன் கான்கிரீட் துண்டுகளை டின்னில் அடைச்சு ஞாபகார்த்தமா வித்தாங்கன்னா பார்த்துக்கோங்க!

இப்போ க்ளைமாக்ஸுக்கு வருவோம். கார்ட்டர் தன் எதிரியை ஒரு கடற்கரையில் துரத்திக்கிட்டே போறான். அது பிளாக்ஹால் பீச். பேருதான் பீச். மணல் எல்லாம் கறுப்பு. தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் பெரிய பெரிய தொட்டிகள் நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவைச் சுமந்துக்கிட்டுப் போய் கடலில் கொட்டுது. ஒண்ணு கொட்டிட்டுத் திரும்ப, அடுத்தது வருது. கார்ட்டர் எதிரியைக் கொன்னு, பிணத்தை அதே தொட்டியில் போட்டு அனுப்பிடறான். கரிக் கழிவோட கழிவா அதுவும் கடலில் விழுது.

1971-ல் படம் பார்த்து எழுதினவங்க அதிகமாப் பேசினது, முன்னாடி நடந்த கொலையைப் பத்தி. இவ்வளவு ஈவு இரக்கமில்லாமக் கொல்லலாமா, இதைக் காட்டலாமா, இது சமூகத்தைக் கெடுக்காதா... இன்னிக்கு நீங்க பார்த்தா, உங்க கண்ணு கொலையில நிக்காது. பின்னாடி இருக்கிற கடலில் போய் நிக்கும். ஒரு கடலையே கொன்னுக்கிட்டிருக்காங்க... சத்தமில்லாம, ஷிஃப்ட் போட்டு, சம்பளம் கொடுத்து!

அந்த வட்டாரக் கடற்கரையைச் சுத்தம் பண்றதுக்காக 1997-ல் இருந்து 2002 வரை ஒரு கோடி பவுண்டு செலவில் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது. அதுக்குள்ள சுரங்கங்களே மூடிப்போச்சு. அந்தக் கறுப்புக் கரை எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு லட்சக்கணக்கான பேர் கண்ணில் நிக்க வெச்சிருக்கிறது ஒரு கேங்ஸ்டர் படம்!

எங்க சிலபஸ்ஸில் சிக்னல், நாய்ஸ்னு ஒரு சமாச்சாரம் உண்டு. நமக்கு வேண்டிய தகவல் சிக்னல். கூடவே வர்ற வேண்டாத இரைச்சல் நாய்ஸ். வாங்குற ஆளு எதைத் தேடுறானோ அதுதான் சிக்னல். 'கெட் கார்ட்டர்' விஷயத்தில் அன்னிக்கு நாய்ஸ்னு தள்ளி வெச்சதுதான், இன்னிக்கு சிக்னல்.

கொடுக்காப்புளி வாங்கின மார்க்

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். 'ஆரண்ய காண்டம்'. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். எஸ்.பி.பி.சரண் தயாரிப்பு. வடசென்னையில் ஒரே நாளில் நடக்கிற கதை. வயசான தாதா சிங்கபெருமாளாக ஜாக்கி ஷெராஃப், கூட இருந்தே பிரியுற பசுபதியாக சம்பத், எல்லாரும் ஏளனம் பண்ற சப்பையாக ரவி கிருஷ்ணா, தாதா வீட்டில் அடைபட்டுக் கிடக்கிற சுப்புவாக யாஸ்மின் பொன்னப்பா. யுவன் ஷங்கர் ராஜா மியூசிக். ஆனா, டூயட் கிடையாது. பின்னணி இசை மட்டும்தான்.

இந்தப் படத்தின் மார்க் ஷீட்டைப் பாருங்க. 2010-ல் நியூயார்க்கில் நடந்த தெற்காசிய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான கிராண்ட் ஜூரி விருது. அதே படத்துக்கு இங்கே சென்சார் போர்டு சொன்னது 52 வெட்டு! டைரக்டர் விடாம டெல்லியில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரைக்கும் போய்ப் படத்தைக் காப்பாத்திக் கொண்டுவந்தார். (அந்தத் தீர்ப்பாயத்தையே 2021-ல் கலைச்சுட்டாங்க. இனிமே சென்சார் மேல மனத்தாங்கல்னா நேரா ஹைகோர்ட்தான்.) 2011 ஜூன் 10-ம் தேதி ரிலீஸ். விமர்சகர்கள் கை தட்டினாங்க. தியேட்டரில் கூட்டம் வரலை. அடுத்த வருஷமே தேசிய விருது... சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதும், பிரவீன் கே.எல்., என்.பி.ஸ்ரீகாந்த் ரெண்டு பேருக்கும் சிறந்த எடிட்டிங் விருதும். ஆனா, டைரக்டரோட அடுத்த படம் 'சூப்பர் டீலக்ஸ்' வர 2019 ஆச்சு. எட்டு வருஷம்! ரெண்டு இன்ஜினீயரிங் டிகிரி முடிச்சிருக்கலாம்.

படம் வந்தப்போ நான் ஸ்லேட்டில் 'அ' போட்டுக்கிட்டிருந்த ஆளு. எங்க செட் மொத்தமும் இதைப் பார்த்தது லேப்டாப்பில்தான். தியேட்டரில் கைவிட்ட படத்தை அடுத்த தலைமுறை இயர்போனைப் பங்கு போட்டுப் பார்த்துக் கொண்டாடுச்சு. எங்க கிளாஸில் 'ஆரண்ய காண்டம்' டயலாக் சொல்லத் தெரியாதவன் சினிமா பத்திப் பேசவே லாயக்கில்லாதவன்!

அப்போ வந்த பாராட்டுகளை எடுத்துப் பாருங்க. பலதிலும் ஒரே மாதிரி வார்த்தைகள். 'டாரன்டினோ மாதிரி', 'உலகத் தரம்', 'நியோ நுவார்'. நுவார்னா பிரெஞ்சில் கறுப்பு. நிழலும் துரோகமும் நிறைஞ்ச குற்றக் கதைகளுக்கு வெச்ச பேரு. பாராட்டு தப்பில்லை. பி.எஸ்.வினோத்தின் ஒளிப்பதிவும், கத்திச் சண்டையைவிட வாய்ச் சண்டை கூர்மையா இருக்கிற அந்த எழுத்தும் அதுக்குத் தகுதியானதுதான். ஆனா, கவனிச்சீங்களா? அளவுகோல் அமெரிக்காவில் இருந்து வருது. ஸ்டைல் எந்த ஊர் ஸ்டைலோட மேட்ச் ஆகுதுன்னு பார்த்துத்தான் மார்க்.

எனக்கு அந்தப் படத்தில் மனசுல நின்னவங்க துப்பாக்கி பிடிச்சவங்க இல்லை. சேவல் சண்டைக்காக ஊரில் இருந்து வர்ற காளையன், அவன் மகன் கொடுக்காப்புளி. சோமசுந்தரமும் மாஸ்டர் வசந்தும் நடிச்சது. ஒரு காலத்தில் ஓஹோன்னு வாழ்ந்து கெட்ட குடிகார அப்பன். அப்பனுக்கே அப்பனா நடந்துக்கிற பையன். இந்தப் பெரிய தாதாக்கள் சண்டையில் அவங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா, மாட்டிக்கிட்டுத் தவிக்கிறது அவங்கதான். அப்புறம் சுப்பு. எல்லா ஆம்பளைங்களும் ஒருத்தனை ஒருத்தன் முடிக்கிறதில் பிஸியா இருக்க, பணத்தோட கதையை விட்டே வெளியே போறது அவள்தான். இந்த ரெண்டு சமாச்சாரத்தையும் வருஷங்கள் போகப் போகத்தான் நிறையப் பேர் பேசினாங்க. மறுபடியும் அதே கதை... முன்னாடி நின்ன துப்பாக்கியைத் தாண்டிப் பின்னாடி பார்க்க டைம் ஆகுது.

ரத்தம் இருக்கு... சதை எங்கே?

மெயின் மேட்டருக்கு வரேன். வடசென்னைப் படம் எது வந்தாலும் விமர்சனத்தில் ஒரு வரி கன்ஃபார்ம். 'வடசென்னை வாழ்க்கையை ரத்தமும் சதையுமாக...' அப்படின்னு ஆரம்பிக்கும். இல்லேன்னா, 'அச்சு அசல் வடசென்னை'. கூடவே 'ரா'-ன்னு ஒரு வார்த்தை. பச்சையா, சமைக்காம, அப்படியேன்னு அர்த்தமாம்.

இந்த 'அச்சு அசல்' சர்ட்டிஃபிகேட்டை யார் கொடுக்கிறது? விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில். அதுக்கப்புறமும் எங்க ஏரியா பக்கம் ஒரு ரவுண்டு வராத ஆளு, 'அசல்'னு எதை வெச்சுச் சொல்றார்? முந்தின வடசென்னைப் படத்தை வெச்சு! படம் பார்த்துப் படம் எடுக்கிறாங்கன்னு டைரக்டரைத் திட்டறோமே, இது படம் பார்த்துப் படத்துக்கு மார்க் போடறது.

'ஆரண்ய காண்டம்' தன்னை ஒருநாளும் அசல்னு சொல்லிக்கலை. அது பார்த்துப் பார்த்துச் செதுக்கின ஒரு கற்பனைக் காடு. அதன் தலைப்பே அதைத்தானே சொல்லுது? ஸ்டைலா எடுத்த கதையை ஸ்டைலுக்காகப் பாராட்டுங்க, நானும் சேர்ந்து விசில் அடிக்கிறேன். அதை எங்க ஊரோட ஆதார் கார்டா மாத்திடாதீங்க, அதுதான் கோரிக்கை.

இதில் உனக்கென்னடா போச்சுன்னு கேட்கறீங்களா? ஃபர்ஸ்ட் இயரில் எல்லாரும் எழுந்து ஊர் பேரைச் சொல்லணும். 'திருவொற்றியூர்'னு சொன்னேன். பின்பெஞ்சில் இருந்து ஒரு குரல், 'மச்சி, பொருள் எங்க வெச்சிருக்க?' கிளாஸே சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன். ஆனா, எங்க தெருப் பையன் ஒருத்தன் வேலைக்குப் போன இடத்தில் அட்ரஸ் ப்ரூஃபைப் பார்த்துட்டு இதே ஜோக்கை அடிச்சப்போ, அவனுக்குச் சிரிக்க முடியலை. சினிமாவை மட்டும் இதுக்குக் குற்றம் சொல்ல முடியாது. ஆனா, 'அச்சு அசல்'னு எழுதற ஒவ்வொரு வரியும் அந்த ஜோக்குக்குக் கீழே போடற ஒரு கையெழுத்து.

ரத்தம் நிறையவே காட்டறாங்க. சதை எங்கே? ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழமையான தியாகராஜர் கோயிலும் வடிவுடை அம்மனும் இருக்கிற ஊர் இது. பட்டினத்தார் அடங்கின கடற்கரை இது. 1950-களில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கின ஊரும் இதுதான். தீப்பெட்டிக் கம்பெனி பேரில் ஒரு நகரே இருக்கு. காலை ஷிஃப்டுக்கு டிபன் பாக்ஸோட சைக்கிள் மிதிச்சவங்க பேரனுங்கதான் இன்னிக்கு தேரடியில் மெட்ரோ ஏறி, லேப்டாப் பையோட ஓ.எம்.ஆர். பக்கம் போறவங்க. 2014-ல் பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' கொஞ்சம் வேறயா தெரிஞ்சதுக்கு ஒரு காரணம் இதுதான். ஹீரோ காளி ஹவுஸிங் போர்டில் இருந்து ஐ.டி. வேலைக்குப் போறவன். அந்த ஒரு டீடெயில் போதும்... எங்க வீட்டு ஆளு மாதிரி இருந்தான்.

ஆயா சொன்ன விமர்சனம்

2018 அக்டோபர் 17. வெற்றிமாறனின் 'வட சென்னை' ரிலீஸ். துறைமுகம், குப்பம், நிலம், ஜெயில், கேரம் போர்டுன்னு பல வருஷக் கதை. ஊரின் நிலத்தை யார் எடுத்துக்கிறாங்க, யார் காலி பண்ணணும்னு நேரா கேட்ட படம். பத்திரிகைகளில் பாராட்டு மழை. ஆனா, படகில் நடக்கிற நெருக்கமான ஒரு முதலிரவுக் காட்சிக்கு மீனவர்கள்கிட்ட இருந்து கடும் எதிர்ப்பு வந்தது. வெற்றிமாறன் வருத்தம் தெரிவிச்சு, அந்தக் காட்சியை எடுத்துட்டார்.

அப்போ ரெண்டு கோஷ்டியாப் பேசினாங்க. 'கலையில் கை வைக்கிறாங்க'ன்னு ஒரு கோஷ்டி. 'எங்களை அசிங்கப்படுத்திட்டாங்க'ன்னு ஒரு கோஷ்டி. எங்க தெருவில் மீன் கூடை கொண்டுவர்ற ஆயாகிட்ட நான் சமீபத்தில் இதைப் பத்திக் கேட்டேன்.

"ஆயா, அது சினிமாதானே... அதுக்கு எதுக்கு அவ்ளோ கோவம்?"

"போட்டுன்னா உங்களுக்குக் கட்டை நைனா. எங்களுக்கு அது சோறு. தொட்டுக் கும்புட்டுதான் ஏறுவோம். அத்தக் கேக்காம எட்த்துட்டாங்க. கேட்ருந்தா வேற எடம் சொல்லிருப்போம்ல?"

கடைசி வரியைத் திரும்பப் படிங்க. 'எடுக்காதே'ன்னு ஆயா சொல்லலை. 'கேட்ருந்தா சொல்லிருப்போம்' என்கிறார். அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களிலேயே கூர்மையான லொகேஷன் விமர்சனம் இது. படகு அந்த ஊரில் என்னவா இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் சொன்னது. இதை எந்தப் பேப்பரும் ஸ்டார் போட்டுப் பிரசுரிக்காது.

என் கட்சி என்னன்னு கேட்டா... காட்சியை வெட்டறது எனக்கு உடன்பாடில்லை. 52 வெட்டு கேட்ட கத்தரிக்கும் இதுக்கும் தூரம் ரொம்பக் கம்மி. இன்னிக்கு நம்ம கோவத்துக்கு வெட்டினா, நாளைக்கு வேற யாரோ கோவத்துக்கு நம்ம கதையை வெட்டுவாங்க. ஆனா, கத்தரி வேணாம்னா, அந்த இடத்தில் காது வேணும். படம் எடுக்கிறவருக்கும் வேணும். விமர்சனம் எழுதறவருக்கும் வேணும்.

வில்லன் இல்லாத க்ரைம்

இப்போ அந்தக் கறுப்புக் கடற்கரையை மறுபடி ஒரு தடவை நினைச்சுக்கோங்க. கம்பியில் தொங்கும் தொட்டி, கடலில் கொட்டற கரி. எங்களுக்கு அது பிளாக்ஹால் இல்லை. எண்ணூர்.

மைக் ஹாட்ஜஸ் அங்கே ஷூட்டிங் நடத்தின 1970-லதான் இங்கே எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் உற்பத்தி பண்ண ஆரம்பிச்சது. 2017-ல் அதை மூடிட்டாங்க. கொஞ்சம் வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம். 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகமே முதலில் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். மெட்ராஸ் முழுக்க ஃபேன் சுத்தறதுக்கு எங்க பக்கம் கரி எரியுது. எரிஞ்ச சாம்பல் குழாய் வழியா போகும்போது கசிஞ்சு கொசஸ்தலை ஆத்துக் கழிமுகத்தில் படிஞ்ச கதை வருஷக்கணக்கா நடந்தது. இறாலும் நண்டும் பிடிச்ச இடத்தில் சாம்பல் சேறு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவு வந்து கழிமுகம் முழுக்கப் படிஞ்சது. மீனவங்க கையால வாளியில் எண்ணெயை அள்ளினாங்க. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அது காயறதுக்குள்ளே, அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி, கடலுக்கடியில் போற குழாயில் அமோனியா கசிஞ்சது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கம் தூங்கிக்கிட்டிருந்த ஜனங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு நடுராத்திரியில் மூச்சுத் திணற ஓடினாங்க. பல பேர் ஆஸ்பத்திரியில்.

இதைவிட ஒரு த்ரில்லர் வேணுமா? நள்ளிரவு, கடற்கரை, கண்ணுக்குத் தெரியாத வாயு, ஓடுற கூட்டம். ஆனா, இதில் ஸ்லோமோஷனில் நடந்து வர்ற வில்லன் கிடையாது. கத்தி கிடையாது. பன்ச் டயலாக் கிடையாது. அதனால, எங்க ஊரில் நடக்கிற பெரிய க்ரைம் எதுவும் க்ரைம் படத்துக்குள்ளே வர்றதில்லை. வந்தாலும் பின்னாடி எங்கேயோ ஒரு புகைபோக்கியா, சும்மா அழகுக்கு நிக்கும். விமர்சனத்தில், 'ஒளிப்பதிவாளர் தொழிற்சாலைப் பின்னணியை அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்'னு ஒரு வரி. அழகா?! அந்தப் புகைபோக்கிக்குக் கீழே மூச்சு விடற ஆளை யாராவது கேட்டாங்களா?

ஸ்டைலா எடுத்தா உண்மை ஓடிப்போயிடும்னு நான் சொல்ல வரலை. 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்திலேயே நின்னு 'சென்னைப் புறம்போக்கு பாடல்' பாடினாரே, ஞாபகம் இருக்கா? கர்னாடக ராகம், மெட்ராஸ் பாஷை. மூஞ்சியில் மாஸ்க், பின்னாடி அனல்மின் நிலையம். அதுவும் பக்கா ஸ்டைல்தான். ஆனா, அந்த வீடியோவில் பின்னணி பின்னணியா இல்லை. அதுதான் ஹீரோ. ஒரே புகைபோக்கி ஒரு படத்தில் செட் பிராபர்ட்டி, இன்னொண்ணில் சாட்சி. வித்தியாசம் கேமராவில் இல்லை. எதைப் பார்க்கணும்னு முடிவு பண்ற ஆள்கிட்ட இருக்கு.

அடுத்த ஷோவுக்கு ஒரு ஹோம்வொர்க்

இனிமே விமர்சனம் எழுதறது பேப்பர்க்காரங்க வேலை மட்டும் இல்லை. படம் முடியறதுக்குள்ளே போனில் ஸ்டார் போட்டுடறோம். அதனால, நமக்கும் சேர்த்து மூணு கேள்வி. அடுத்த கேங்ஸ்டர் படம் பார்த்துட்டு வந்ததும் கேட்டுப் பாருங்க.

ஒண்ணு, இந்தக் கதையை அப்படியே வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போனா என்ன தொலையும்? ஒண்ணுமே தொலையாதுன்னா, அந்தப் படம் ஊரை வாடகைக்கு எடுத்திருக்கு, அவ்வளவுதான். 'அச்சு அசல்'னு எழுதாதீங்க.

ரெண்டு, சண்டை போடாத ஆளுங்க யாராவது படத்தில் இருக்காங்களா? கொடுக்காப்புளி மாதிரி, சுப்பு மாதிரி? அவங்களுக்கு ஒரு பேரு, ஒரு ஆசை, ஒரு முடிவு இருக்கா? இருந்தா தாராளமா ஒரு ஸ்டார் சேர்த்துப் போடுங்க.

மூணு, கொலை நடக்கும்போது அதுக்குப் பின்னாடி என்ன தெரியுது? அதையும் ஒரு வரி எழுதுங்க. இன்னிக்கு யாரும் லைக் போடமாட்டாங்க. பரவாயில்லை.

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020-ல் மூடிட்டாங்க. வடசென்னைக் கதைகளை வடசென்னை ஜனம் கூட்டமா உட்கார்ந்து, திட்டி, சிரிச்சு, விசில் அடிச்சுப் பார்த்த இடங்களில் ஒண்ணு அது. அந்தக் கூட்டத்தோட கமென்ட்டை யாரும் எழுதி வைக்கலை. எழுதி வெச்சிருந்தா, 'ரத்தமும் சதையும்' என்கிற வரி இவ்வளவு வருஷம் ஓடியிருக்காது. அதனால, காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் இருக்கிற நண்பர்களே... உங்க ஏரியாவை வெச்சு எடுத்த ஏதாவது ஒரு படத்தை, உங்க வீட்டில் இருக்கிற பெரியவங்களோட உட்கார்ந்து பாருங்க. அவங்க வாயில் இருந்து வர்றதை அப்படியே ஒரு பக்கத்துக்கு எழுதி நமக்கு அனுப்புங்க. இந்தப் பக்கத்தில் போடலாம்.

கார்ட்டருக்கு 33 வருஷம் ஆச்சு. நாம அவ்வளவு நாள் வெயிட் பண்ண வேண்டாமே!